பார்க்க மட்டும் வந்தவர்

யானை ரோட்டைக் கடக்கும்போது யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரே ஒரு ஆளைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். அவரிடம்தான் நான் வேலை பார்த்தேன்.

ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டு ரோட்டில் அன்றைக்கு வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. யானைக் கூட்டம் கடக்கிறது என்று வனத்துறைக்காரர்கள் இரண்டு பக்கமும் மறித்திருந்தார்கள். ஒரு தக்காளி லாரி, ஒரு கார், ஒரு கம்பெனி வேன், இன்னும் நிறைய பைக்குகள், நடுவே என் ஸ்கூட்டியில் நாங்கள் இருவர். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். லாரிக்காரர் ஒரு கூடைத் தக்காளியை இறக்கி வருவோர் போவோருக்கெல்லாம் நீட்டினார். காரில் வந்த அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்தார். ஒருவர் கன்னடத்தில் ஏதோ கேட்க, இன்னொருவர் தெலுங்கில் பதில் சொல்ல, நடுவில் ஒருவர் தமிழில் சிரித்தார். எல்லோருடைய கழுத்தும் காட்டுப் பக்கம் நீண்டிருந்தது. எங்கள் மேடம் மட்டும் காட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார்.

"மேடம், அங்க பாருங்க! குட்டி கூட இருக்குது!"

"யானைய நீ பாரு. யானைய பாக்கவங்கள நான் பாக்கேன்" என்றார். அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெங்களூரில் எத்தனையோ வருடம் இருந்தும் அந்தப் பேச்சு மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

வனக்காவலர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, பின்னால யானை வருது, நீங்க என்னாத்த பாத்துனு நிக்கிறீங்க?"

"முறுக்கு டப்பா இதுவரைக்கும் யார் கையெல்லாம் போயிருக்குன்னு பாருங்க சார்" என்றார் மேடம், பரவசமாக. "ஒருத்தர ஒருத்தர் தெரியாது. இத மாதிரி ஒரு இடத்தக் காசு குடுத்துக் கட்ட முடியுமா?" காவலர் என்னைப் பார்த்தார். வீட்டில் யாரிடமாவது சொல்லி வைத்தியம் பார்க்கக் கூடாதா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

நகரத்துப் பொது இடங்களில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெங்களூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பூங்காவும் பீச்சும் உள்ள ஊர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சொல்லும்படி இரண்டும் இல்லாத ஓசூர் மாதிரி ஊரில் மனிதர்கள் எங்கேதான் உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று தினமும் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வருவார். நான் அப்போது பி.காம். முடித்து, பார்த்த கம்பெனி வேலையையும் விட்டுவிட்டு ஓசூரில் வீட்டோடு இருந்தேன். மூன்று பாஷை பேசுவேன் என்பதால் என்னை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். என்ன வேலை என்று அப்பா கேட்டார். ரோட்டில் யார் நிற்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று பார்க்கிற வேலை என்றேன். "அதுக்குச் சம்பளமா? இவ அத சும்மாவே பாப்பாளே" என்றார் அப்பா.

ஆனால் என் பார்வைக்கும் மேடம் பார்வைக்கும் வித்தியாசம் இருந்தது. நான் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தப்பான பஸ்ஸில் ஏறினால் ஓடிப்போய் இறக்கிவிடுவேன். மேடம் என் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பார். "நாம பாக்க மட்டும்தான் வந்திருக்கோம். நாம கைய வச்சா அது நம்ம செஞ்சதாயிரும், அவங்க செஞ்சதா இருக்காது." இதுதான் அவருடைய சட்டம், வேதம், எல்லாம். ஆராய்கிற இடத்தில் ஆய்வு செய்கிறவர் உட்காரக்கூடக் கூடாதாம். உட்கார்ந்தால் அந்த இடத்தின் கணக்கில் ஓர் ஆள் கூடிவிடும், பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்காருவார், எல்லாமே மாறிவிடும் என்பார். அதனால் எந்நேரமும் கொடிக்கம்பம் போல நின்றுகொண்டே இருப்பார்.

சட்டம் மனிதர்களுக்கு மட்டும் இல்லை. சூளகிரியில் ஹைவே ஓரம் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் ஆடு வந்து அவருடைய முந்தானையை மெல்ல ஆரம்பித்தது. நான் விரட்டப் போனேன். "விடு, விடு. பக்கத்துல நிக்கவங்க என்ன பண்ணுதாங்கன்னு பாப்போம்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மாவே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று நினைத்திருப்பார்கள். நல்ல காட்டன் சேலை. ஆடு ஒரு சாண் தின்றுவிட்டுத்தான் போயிற்று. ஊர் திரும்பும் வரை அந்தக் கிழிசலைத் தடவிக்கொண்டே வந்தவர், அடுத்த முறை சுடிதாரில் வந்தார்.

ஸ்கூட்டியில் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து என் காதுக்குள் கத்திக்கொண்டே வருவார். லாரி ஹாரனுக்கு நடுவே நான் அரைகுறையாகப் படித்த பாடம் அதுதான். "இந்த ஆராய்ச்சியும் சேலக்கட மாதிரிதான். அப்பப்ப ஒரு டிசைன் வரும். மொதல்ல கட்டடம் கட்டுதவங்க பண்ணாங்க. மைதானம் எவ்ளோ நீளம், நடுவுல இருக்க செல எந்தப் பக்கம் பாக்குது, அவ்ளோதான். ஆளே கெடையாது. அப்புறம் ஒரு கூட்டம் வந்து, இடத்த விடுங்கப்பா, ஆள எண்ணுங்கன்னாங்க. யாரு எங்க உக்காருதா, எதப் பாத்து உக்காருதான்னு எண்ணிக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் பொம்பளைங்க வந்து கேட்டாங்க, வந்தவங்கள எண்ணுதீங்களே, வராதவங்கள எண்ணினீங்களான்னு."

"இப்ப என்னா டிசைன் மேடம்?"

"இப்ப யாரும் ரோட்டுக்கே வாரதில்ல. செல்போன் சிக்னல வச்சு ரூம்ல உக்காந்தே ஊரப் பாத்துருதாங்க."

அவருடைய கல்லூரியில் வேலை பார்த்த, மேடம் 'தம்பி' என்று கூப்பிடும் இளைஞர் ஒருவர் அப்படித்தான் லேப்டாப்போடு ஒரு நாள் வந்தார். ஓசூர் முழுக்க வரைபடமாக விரிந்திருந்தது. ஆள் நிறைய இருக்கிற இடம் சிவப்பு, குறைய இருந்தால் மஞ்சள், யாருமே இல்லாவிட்டால் நீலம். அவரை மேடம் ஜூஜுவாடிப் பக்கம் போகும் சர்வீஸ் ரோட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு காலி மனை. அதன் முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு சுவர், மேலே புங்கமர நிழல். கம்பெனி பஸ் அங்கேதான் நிற்கும் என்பதால், ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் குருவிக்கூட்டம் மாதிரி சுவர் நெடுக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தாள், ஒருத்தி இன்னொருத்தியின் தோளில் சாய்ந்து தூங்கினாள். லேப்டாப்பில் அந்தச் சுவர் பளிச்சென்று நீலமாக இருந்தது.

தம்பி லேப்டாப்பை அணைத்துப் போட்டுப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். விஷயம் இதுதான். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் எல்லாப் பெண்களும் போனை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வருவார்கள். போன் இல்லாதவர் வரைபடத்தில் இல்லை. "இவ்ளோ பேர் கூடியிருக்கதே அவங்களுக்குத் தெரியாது பாரு" என்று அன்று முழுவதும் சிரித்தார் மேடம். "இந்தச் செவருதான் என் புஸ்தகம். மத்த இடமெல்லாம் தொட்டுக்க ஊறுகா." அதன்பிறகு ஒரு வருடத்துக்கும் மேல், எந்த இடத்துக்குப் போனாலும் அந்தச் சுவரைப் பார்க்காமல் அவர் திரும்பியதில்லை. எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு பார்ப்பார். பெண்கள் தள்ளி இடம் விட்டு, "உக்காருங்கம்மா" என்று கூப்பிடுவார்கள். இவர் கையை ஆட்டி வேண்டாம் என்பார்.

அந்தப் பெண்களில் தேனிக்காரி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. நான் பேசுவதற்கு மேடம் அனுமதித்த நேரத்தில் அவரிடம், பஸ் வருவதற்கு அவ்வளவு முன்னாலேயே ஏன் வந்துவிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கம்பெனில எட்டு மணி நேரமும் நின்னுக்கிட்டேதான்த்தா வேல. ஹாஸ்டல்ல கட்டில் கூட ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும். நான் எந்திரிச்சா அடுத்தவ வந்து படுத்துருவா. யாரும் எந்திரின்னு சொல்லாத எடம் எனக்கு இது ஒண்ணுதான்" என்று சுவரைத் தட்டிக் காட்டினார்.

இப்போது மேடம் செய்த காரியத்துக்கு வருகிறேன். ஒரு நாள் அந்தச் சுவரின் உயரத்தை அளக்க வேண்டும் என்று கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். சென்னையிலோ திருநெல்வேலியிலோ ரோட்டோரம் டேப்பைப் பிரித்தால் என்ன ஆகுமோ தெரியாது. ஓசூரில் பிரித்தால் மெட்ரோ, ஏர்போர்ட், ரிங் ரோடு இந்த மூன்றில் ஒன்றுக்கு இடம் எடுக்க வந்தாயிற்று என்று அர்த்தம். நாங்கள் டேப்பைச் சுருட்டுவதற்குள் மனைக்காரர் வந்துவிட்டார். பக்கத்திலேயே டைல்ஸ் கடை வைத்திருந்தவர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

"வாங்க மேடம், வாங்க. மெட்ரோ ஸ்டேஷன் இங்கதான் வருதா?"

"மெட்ரோவா? எனக்குத் தெரியாது. நான் இந்தச் செவர மட்டும்தான் அளந்தேன்."

"அவுனு அவுனு, வெளிய சொல்லக்கூடாது" என்று தெலுங்கில் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டு ஏலக்காய் டீ வரவழைத்தார். அடுத்த வாரத்துக்குள் அந்தத் தெருக்காரர்கள் பேச்சில் ஸ்டேஷன் வந்தேவிட்டது, ரயில் மட்டும்தான் பாக்கி. மேடத்தைக் கண்டால் தேங்காய்க் கடைக்காரர்கூட எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் டைல்ஸ்காரரிடம் பத்திரம் எழுதுகிற ஒருவர் ஏதோ ஓதிவிட்டார். வருடக்கணக்காகப் பொதுஜனம் உட்கார்ந்த இடம் என்று தெரிந்தால் அதைப் பொது இடம் என்று எழுதிவிடுவார்கள், மெட்ரோவுக்கு எடுத்தால் நஷ்ட ஈடு கிடைக்காது என்று. அவ்வளவுதான், சுவர் நெடுக ஈட்டி மாதிரிக் கூர்க்கம்பி வைத்து வெல்டிங் அடிக்க ஆள் சொல்லிவிட்டார். இனி அங்கே காக்காய் உட்காருவதே கஷ்டம்.

எதையும் மாற்றாமல் பார்க்க வந்தவர் ஒரு டேப்பைப் பிரித்ததில் சுவரே போகப்போகிறது. மேடம் நேராகக் கடைக்குப் போய், தான் எந்த அரசாங்கத்திலும் இல்லை, மெட்ரோவுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்று அடையாள அட்டையைக் காட்டினார்.

டைல்ஸ்காரர் அட்டையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இல்லன்னு சொல்றதுதான மேடம் உங்க வேலை? எங்க மாமா நெலத்த அளக்க வந்தவங்களும் சும்மா பாக்க வந்தோம்னுதான் சொன்னாங்க. பாதி நெலம் போச்சு. மீதிய இப்ப வரைக்கும் கோர்ட்டுல தேடினு இருக்காரு." அவர் குரல் அப்போது டைல்ஸ் விற்கிற குரலாக இல்லை. மேடம் அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "இப்ப என்ன மேடம் பண்ணப் போறோம்?"

"பாக்கப்போறோம். ஒரு இடம் எப்படி இல்லாமப் போவுதுங்கிறதும் ஆராய்ச்சிதான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அன்று எனக்கு அந்த அம்மாளைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. வழியெல்லாம் ஸ்கூட்டியைக் குழியாகப் பார்த்து இறக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெல்டிங் வைக்கிற அன்று காலை நாங்கள் வழக்கம்போல எதிர்ப்பக்கம் நின்றோம். டெம்போவில் கம்பிகள் வந்து இறங்கின. டைல்ஸ்காரர் பெண்களை எழுந்திருக்கச் சொன்னார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தேனிக்கார அக்கா மட்டும் ரோட்டைக் கடந்து நேராக மேடத்திடம் வந்தார்.

"அம்மா, நாங்க உக்காந்திருக்கிறத இத்தன நாளா பாத்தீங்க. நாளையிலருந்து நிக்கிறதையும் வந்து பாப்பீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேடம் குறிப்பெடுக்கும் நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். ரோட்டைக் கடந்தார். கம்பி வைக்க வந்தவரை விலகச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி ஒரு எம்பு எம்பி, சுவர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆள் குள்ளம் என்பதால் இரண்டு காலும் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

நான் பின்னாலேயே ஓடினேன். "மேடம், ரூலு?"

"வாய மூடு, ஏட்டி" என்றார்.

வெல்டிங்காரர் டைல்ஸ்காரரைப் பார்த்தார். டைல்ஸ்காரர் மேடத்தைப் பார்த்தார். எழுந்திருங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னதுபோல மெட்ரோ அதிகாரியிடம் சொல்ல முடியுமா? "மேடம், எப்ப எந்திரிப்பீங்க?" என்றார் பணிவாக.

"பஸ் வரட்டும்."

கம்பெனி பஸ் வந்தது. பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறிப் போனார்கள். மேடம் அசையவில்லை.

"பஸ் போயிடுச்சே மேடம்?"

"இது என் பஸ் இல்ல."

"உங்க பஸ் எப்ப வரும்?"

"தெரியல" என்றார். அது உண்மைதான். வெயில் ஏறியது. வெல்டிங்காரர் மிஷினை ஓரம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனார். நானும் போய் மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிழல் நன்றாகத்தான் இருந்தது, காற்றும் வந்தது. நின்று நின்று அலுத்துப்போன டைல்ஸ்காரர் வேறு வழியில்லாமல் எனக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். தன் சொந்தச் சுவரில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று அவரே சொன்னார். பிறகு மாமாவின் நிலத்தைப் பற்றிச் சொன்னார். மாமா இன்னமும் காலையில் எழுந்து, ரோடாகிப்போன பாதியின் ஓரம் போய் நிற்பாராம். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

கேட்டு முடித்ததும், "இது ஒங்க இடம்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்னுதான பயப்படுதீங்க?" என்றார்.

"அதேதான் மேடம்."

"கம்பி வச்சாத்தான் சொந்தக்காரன்னு தெரியுமா? உக்காருங்கன்னு சொல்லுதவனும் சொந்தக்காரன்தான். அவன் ஒருத்தனாலதான அதச் சொல்ல முடியும்? என் அனுமதியோட உக்காரலாம்னு போர்டு எழுதி வைங்க. அனுமதிச்சு உக்கார வச்ச இடத்த யாரும் பொது இடம்னு சொல்லிர முடியாது. சந்தேகமா இருந்தா ஒங்க பத்திரக்காரர்ட்ட கேளுங்க."

டைல்ஸ்காரர் அங்கேயே போன் போட்டார். தெலுங்கில் நெடுநேரம் போனது பேச்சு. "அவுனா? அவுனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் வெல்டிங்காரரைப் பார்த்து, மிஷினை ஏற்றிக்கொண்டு போகும்படி கையைக் காட்டினார்.

போர்டு மூன்று பாஷையிலும் வந்தது. 'இந்த இடம் எனக்குச் சொந்தமானது. என் அனுமதியோடு இங்கே உட்காரலாம். இப்படிக்கு, உரிமையாளர்.' அதற்குப் பிறகு அவர் பண்ணிய அழும்புதான் தாங்க முடியவில்லை. யாராவது பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தால் கடையிலிருந்தே சத்தம் போடுவார்: "ஏங்க நிக்கிறீங்கோ? என் செவுருதான், உக்காருங்க!" உட்காராவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். காலையில் ஆள் வைத்துச் சுவரைத் துடைத்து வைத்தார். தேனிக்கார அக்காவுக்குச் சுவரின் நடு இடம் என்று ஆகிவிட்டது.

மேடம் அதற்குப்பின் வேலை நேரத்தில் என்னை அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை. வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்றுபோல என்று நினைத்துக்கொண்டேன். எப்போதாவது வேலை முடிந்த பிறகு தானே போய், அக்காவுக்குப் பக்கத்தில் கால் தொங்க உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டு வருவார்.

ஆராய்ச்சி முடிந்து, அதைப் பற்றி அவர் பேசுகிற கூட்டத்துக்கு என்னையும் பெங்களூருக்குக் கூப்பிட்டிருந்தார். பெரிய ஏ.சி. அரங்கம். மேடம் திரையில் படம் படமாகக் காட்டினார். பஸ் ஸ்டாண்ட் படிக்கட்டு வந்தது, சூளகிரிக் கூட்டம் வந்தது, சானமாவு ரோட்டில் முறுக்கு தின்றவர்கள்கூட வந்தார்கள். எங்கள் சுவர் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

லேப்டாப் தம்பிதான் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டார். "மேடம், அந்தச் சுவர் எங்கே? ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தீர்களே, அதுதானே உங்கள் புத்தகம்?"

மேடம் மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "அதை எழுத முடியாது. நான் அங்கே உட்கார்ந்துவிட்டேன்" என்றார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து அரங்கம் முழுக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்து, மனம்விட்டுத்தான் சிரித்தார். கடைசி வரிசையில் இருந்த எனக்கு அழுகை அடக்க முடியாமல் வந்தது.